இருபத்தைந்தைக் கீழே போட்டது யார்

சினிமா கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடும் அந்தக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘ஊதாதே’ என்றால்தான் தெரியும். சின்னவர்களுக்கு ‘ஊதாதே அக்கா’. பத்தொன்பது வருஷமாக அவள் வாயிலிருந்து அதிகமாக வந்த வார்த்தை அது ஒன்றுதான், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

லென்ஸ் மேல் தூசியைப் பார்த்தால் மனுஷனுக்கு உடனே உதட்டைக் குவிக்கத்தான் தோன்றும். ஊதினால் தூசி போகும், அது போன இடத்தில் எச்சில் உட்காரும். எச்சில் காய்ந்தால் கறை. கறையைக் கவனிக்காமல் பெட்டியில் வைத்தால் பூஞ்சை. பூஞ்சை பிடித்தால் அந்தக் கண்ணாடி பாதி செத்தது. ஆகவே எவன் உதட்டைக் குவித்தாலும், மரியாதை வந்து சேரும் முன்னே அவளுக்கு ‘ஊதாதே!’ வந்துவிடும். ஒருமுறை பெரிய கதாநாயகர் ஒருவரைப் பார்த்தே அப்படிக் கத்திவிட்டாள். யூனிட் மொத்தமும் உறைந்து நின்றது. அவர் ஊதியது கையிலிருந்த டீயை.

அங்கே அவள் முதலில் வந்தது பெருக்கித் துடைக்கத்தான். அதற்கு முன் ஆறு வருஷம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குள் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டார்கள், இவள் துடைப்பத்தைப் பிடித்தாள். ஒருநாள் லென்ஸ் பொறுப்பில் இருந்த ஆள் சட்டை நுனியால் ஒரு லென்ஸைத் துடைத்தபோது, “ஏங்க, அதுல ஒரு மணல் இருந்தா என்னாவும்?” என்று கேட்டுவிட்டாள். “நீ தரையைப் பாரும்மா” என்றான் அவன். மறுநாள் முதலாளி அதே லென்ஸை விளக்கடியில் பிடித்தார். கண்ணாடியின் நடுவில் பூனை மீசை மாதிரி ஒரு கோடு. அந்த ஆள் துடைத்தது அதோடு சரி, அந்த வேலை அவளுக்கு வந்தது.

அவள் வேலை செய்வதைப் பார்த்தால் சோம்பேறி என்றுதான் நினைப்பீர்கள். மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போடுவாள். சட்டைப் பொத்தான் உரசக்கூடாதென்று மேலே ஒரு துணி கட்டுவாள். முதலில் ரப்பர் உருண்டையை அமுக்கிக் காற்றடிப்பாள். பிறகு மெல்லிய ஆட்டுமுடித் தூரிகை. கண்ணாடிக்கு ஒரு தூரிகை, இரும்புக்கு வேறொன்று. மாற்றி எடுத்தவனோடு இரண்டு நாள் பேச மாட்டாள். கடைசியில்தான் காகிதம். திரவத்தைக் காகிதத்தில் ஒரு சொட்டு விடுவாள், கண்ணாடியில் விட மாட்டாள். நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஒரே ஒரு சுற்று, உடனே அந்தக் காகிதம் குப்பைக்கு. அதன்பின் லென்ஸைக் காதோடு வைத்து வளையத்தைத் திருப்பிக் கேட்பாள். உள்ளே ஒரு மணல் இருந்தாலும் சத்தம் சொல்லும்.

ஆறு லென்ஸ் அடங்கிய ஒரு செட் அவளுக்குக் குடும்பம் மாதிரி. பதினெட்டு மில்லிமீட்டர் சித்தப்பா, போகிறவர் வருகிறவர் அத்தனை பேரையும் படத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வார். எண்பத்தைந்து மாப்பிள்ளை, எந்த மூஞ்சியையும் அழகாகக் காட்டுவார். நூறு மாமனார், எட்ட நின்றே எல்லாவற்றையும் பார்ப்பார். இருபத்தைந்து இருக்கிறதே, அது நாத்தனார். கொஞ்சம் உபசாரம் குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அவளுக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஐம்பதைக் கீழே போட்டாள். கால் இடறிச் சிமெண்டுத் தரையில். எடுத்து நேராக முதலாளி முன்னால் கொண்டுபோய் வைத்து, “நான்தான் போட்டேன்” என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “சொல்லிட்டேல்ல. போய் வேலையைப் பாரு” என்றார். அன்றைக்கே அவள் லென்ஸ் அறைக் கதவில் ஓர் அட்டையை ஒட்டினாள்:

‘கீழே போட்டால் சொல்லிவிடவும். சொன்னவரைத் திட்ட மாட்டோம். சொல்லாதவரை விட மாட்டோம்.’

அந்த வருஷக் கடைசியில் அந்த அறைச் சாவியும் பெட்டிச் சாவியும் அவள் இடுப்புக்கு வந்தன. அப்புறம் இறங்கவே இல்லை.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

நகரத்துக்கு வெளியே பழைய சரக்கு ரயில் கொட்டகை ஒன்றில் படப்பிடிப்பு. அவள் செட்டோடு போயிருந்தாள். பெட்டிகளை ஏற்றிப்போன வேனை ஓட்டியவன் அவள் புருஷன். எங்கேயோ காட்சிக்கு வைத்திருந்த நீராவி இன்ஜின் ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். இன்ஜின் கொட்டகைக்குள் வர, இரு பக்கமும் முந்நூறு பேர் கையைத் தூக்கிக் கத்த வேண்டும். ஓரம் முதல் ஓரம் வரை அத்தனையும் ஒரே ஷாட்டில் வர வேண்டும். அதற்கு இருபத்தைந்தைத் தவிர வேறு லென்ஸ் ஆகாது. பதினெட்டைப் போட்டால் கூரை வளையும், முப்பத்தைந்தைப் போட்டால் பாதி ஜனம் வெளியே நிற்கும்.

காலை பத்து மணிக்கு, எடுத்த ஷாட்டுகளைச் சரிபார்த்துச் சேமிக்கும் கம்ப்யூட்டர்காரர் கேமராமேனைக் கூப்பிட்டார். முந்தின நாள் இருபத்தைந்தில் எடுத்த ஷாட்டுகளைப் பெரிதாக்கிக் காட்டினார். இடது பக்கம் கத்தி மாதிரி. வலது பக்கம் ஈரச் சோப்பு மாதிரி.

லென்ஸ் தெரிந்தவர்களுக்கு இதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. கண்ணாடி தானாக இடம் பெயராது. கீழே விழ வேண்டும்.

கேமராமேன் நல்ல மனுஷன்தான், வாய்தான் முந்தும். வாக்கிடாக்கியை எடுத்தார். நாற்பது பேர் இடுப்பிலிருந்து அவர் குரல் ஒன்றாகக் கிளம்பியது.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இருபத்தஞ்சு போச்சு. யாரோ கீழே போட்டிருக்காங்க. போட்டுட்டுச் சத்தமே காட்டாம பெட்டில வச்சுப் பூட்டிட்டாங்க. அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு சாவிதான்னு எல்லாருக்கும் தெரியும்.”

கொட்டகையில் இருந்த அத்தனை கண்ணும் அவள் இடுப்புக்குப் போனது.

ஐந்தே நிமிஷத்தில் முதலாளியின் போன்.

“வேற இருபத்தஞ்சு ஏற்பாடு பண்ணியிருக்கேன். அது வந்து சேரவே ஆறு மணி ஆயிடும், அங்க இன்ஜின் போயிருக்கும். என் மானம் கப்பலேறிப் போச்சு. நீ பெட்டியைத் தூக்கிட்டு வா. சாவியை மேஜை மேல வச்சிட்டுப் போயிடு.”

“நான் போடல, முதலாளி.”

“அப்போ யார் போட்டா?”

“யாரும் போடல.”

“லென்ஸ் தானா குதிச்சு விழுந்துச்சா?”

போன் வைக்கப்பட்டது. கீழே போட்டாய் என்றால்கூட அவள் தாங்கியிருப்பாள். எவ்வளவோ கைகள் நழுவுகின்றன. போட்டுவிட்டு மறைத்தாய் என்றதுதான் நெஞ்சில் குத்தியது. கதவில் அட்டை ஒட்டியவளே மறைத்தாள் என்று நாளைக்குப் பேசுவார்கள்.

எண்பத்தைந்தில் எடுக்க வேண்டியவை முடிந்து சாப்பாட்டுக்கு விடும்வரை இருந்துவிட்டு, இருபத்தைந்தோடு வேனுக்கு வந்தாள். புருஷன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“உண்மையைச் சொல்லு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். வண்டியிலேர்ந்து இறக்கும்போது கை நழுவிச்சா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இருபத்திரெண்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தியிருக்கீங்க. ஒரு டம்ளர் உடைஞ்சாக்கூடச் சொல்லிட்டுத்தானே கூட்டுவேன்? நம்ம வீட்டுல சொல்லாம கொள்ளாம உடைக்கிறது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான்.”

“அதுக்கில்ல, டம்ளர் வேற, இது வேற...”

வேன் கதவு அவன் மூக்குக்கு அரை அங்குலம் முன்னால் சாத்திக்கொண்டது.

உள்ளே உட்கார்ந்து இருபத்தைந்தை மடியில் வைத்தாள். காதோடு வைத்து வளையத்தைத் திருப்பினாள். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. விளிம்பில் நசுங்கல் இல்லை. ஒவ்வொரு திருகின் தலையிலும் அவள் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்பாள். லென்ஸுக்கு அடி விழுந்தாலும் சரி, எவனாவது திருகைத் தொட்டாலும் சரி, அந்தப் பொட்டு விரிசல் விடும். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். எட்டுப் பொட்டும் நேற்று வைத்த மாதிரி இருந்தன.

அப்படியானால் லென்ஸ் விழவில்லை. ஆனால் நகப்பூச்சு சாட்சி சொல்கிறது என்று முந்நூறு பேர் முன்னால் போய் நின்றால் சிரிப்பார்கள்.

கண்ணை மூடிக்கொண்டாள். பழைய மூக்குக்கண்ணாடிக் கடை நினைவுக்கு வந்தது. ‘ஒரு பக்கம் மங்குது, கண்ணாடி சரியில்ல’ என்று சண்டைக்கு வருவார்கள். பத்தில் ஒன்பது பேர் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும். எங்கேயோ படுத்து பிரேமை வளைத்திருப்பார்கள், அது மூக்கில் கோணலாக உட்கார்ந்திருக்கும்.

கோணலாக உட்கார்ந்திருக்கும்.

சட்டென்று எழுந்தாள். தலை வேன் கூரையில் இடித்தது. அதைத் தடவக்கூட இல்லை.

கேமராமேன் கொட்டகை ஓரத்தில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டார் என்பதைவிடத் தட்டைக் கிண்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். மணி ஒன்றேகால்.

“சார், பத்து நிமிஷம் கேமராவைக் கொடுங்க.”

“எதுக்கும்மா? இன்னும் என்ன பாக்கி இருக்கு?”

“லென்ஸ்ல ஒண்ணும் இல்ல, சார். உங்க கேமரால இருக்கு.”

தட்டைக் கிண்டின கை நின்றது. பக்கத்தில் இருந்த ஃபோகஸ்காரன் துள்ளிவிட்டான். முப்பத்தைந்து வயசு ஆள், கேமராவை மாட்டுவது கழற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு.

“என்னக்கா இது, உங்க தலையில இருக்கிறதைத் தூக்கி எங்க தலையில வைக்கிறீங்க? காலையிலேர்ந்து எண்பத்தஞ்சு போட்டு எடுக்கறோம், அது மட்டும் எப்படி நல்லா இருக்கு?”

“எண்பத்தஞ்சுல ஒரு மூஞ்சிதான் தம்பி தெளிவா இருக்கும், மத்ததெல்லாம் மங்கலாத்தான் இருக்கும். மங்கலுக்குள்ள மங்கலை எங்க தேடுவே? இருபத்தஞ்சுதான் ஓரம் வரைக்கும் உண்மை பேசும்.” அவள் கேமராமேன் பக்கம் திரும்பினாள். “சார், இந்த லென்ஸுக்குப் பின்னால நாலு வெட்டு இருக்கு. நாலு விதமா மாட்டலாம். நாம நம்பர் தெரியறதுக்காக எப்பவும் ஒரே விதமாத்தான் மாட்டறோம். இப்போ கால் சுத்துத் திருப்பி மாட்டறேன். கோளாறு லென்ஸ்ல இருந்தா லென்ஸோட அதுவும் சுத்தும். வலது பக்க மங்கல் மேலயோ கீழயோ போயிடும். கேமராவுல இருந்தா நின்ன இடத்துலயே நிக்கும்.”

“சுத்துச்சுன்னா?”

“பெட்டி, சாவி ரெண்டையும் இங்கயே உங்க கையில கொடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போறேன். வேன்ல ஏற மாட்டேன். எப்படியும் அந்த டிரைவரோட பேச்சுவார்த்தை இல்ல.”

கேமராமேனுக்கு உதட்டோரம் லேசாக இழுத்தது. “மாட்டு” என்றார்.

கொட்டகையின் செங்கல் சுவருக்கு நேராகக் கேமராவை நிறுத்தினார்கள். கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு, லென்ஸுக்குள் ஒளி போகும் துளையை முழுசாகத் திறந்து வைத்தார்கள். முதலில் வழக்கம்போல மாட்டியபோது இடது பக்கச் செங்கல்லை எண்ணலாம், வலது பக்கச் செங்கல் கரைந்து கிடந்தது. லைட்காரர்கள், மேக்கப்காரர், துணிமணிக்காரர் எல்லோரும் தட்டும் கையுமாக மானிட்டரைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

லென்ஸ் வளையத்தைத் திருப்பும் ஃபோகஸ் மோட்டாரை அவள் விலக்கினாள். லென்ஸைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினாள்.

“அக்கா, நம்பரெல்லாம் மேல போயிடுச்சு, நான் எப்படிப் பார்க்கறது?” என்றான் ஃபோகஸ்காரன்.

“வானத்தைப் பார்த்துப் படி. திருப்பு தம்பி.”

படம் தெளிந்து வந்தது. இடது பக்கம் கத்தி. மேலே கத்தி. கீழே கத்தி. வலது பக்கம் சோப்பு.

மெல்ல முடியாமல் வாயில் வைத்திருந்த சோற்றோடு கம்ப்யூட்டர்காரர் சொன்னார்: “அங்கேயேதான் நிக்குது.”

கேமராமேன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். “இன்னொரு சுத்து.”

நம்பர் பக்கவாட்டில் போனது. மங்கல் அசையவில்லை. இன்னொன்று. நம்பர் தரையைப் பார்த்தது. மங்கல், சொந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி, அதே வலது பக்கத்தில்.

“லென்ஸ் சுத்துது சார். கோளாறு சுத்தல” என்றாள் ஊதாதே.

கேமராமேன் லென்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டு, அது உட்காரும் இரும்பு வளையத்தை உற்றுப் பார்த்தார். “ஒண்ணும் இல்லையே.”

அவள் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தாள். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அது. மகள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். முதல் மாதமே அம்மாவுக்கு அவள் வாங்கித் தந்த பரிசு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியை வளையத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தினாள். ஓர் இடத்தில் வெளிச்சம் வழுக்கியது.

“இதோ உட்கார்ந்திருக்கான்.”

அரிசி அளவுகூட இல்லை. நிறமில்லாத டேப்பின் ஒரு கிழிசல், இரண்டாக மடிந்து, இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தது. தலைமுடி அளவு கனம்தான். ஆனால் அதன்மேல் உட்கார்ந்தால் எந்த லென்ஸும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

கேமரா வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தாள். இரும்புப் பக்கமே போகாமல் மரக்குச்சியால் நெம்பினாள். முழுசாக வந்தது. பசை இருந்த இடத்தை நனைத்த காகிதத்தால் துடைத்தாள். குச்சியிலிருந்து ஒரு தும்பு வளையத்தின் மேல் விழுந்தது. அதைப் பார்த்த கேமராமேன் சந்தோஷத்தில் குனிந்து உதட்டைக் குவித்தார்.

“ஊதாதே!”

அவள் இல்லை. லைட்காரர்கள், மேக்கப்காரர், துணிமணிக்காரர், மொத்தமாக ஒரு முப்பது பேர். சத்தத்தில் கூரைப் புறாக்கள் கிளம்பிவிட்டன. கேமராமேன் குவித்த உதட்டோடு அப்படியே நின்றார். அவள் ரப்பர் உருண்டையை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

சிரிப்பு அடங்கும்போது ஃபோகஸ்காரன் முகம் வெளுத்திருந்தது.

“நான்தான் சார். மூணு நாள் முன்னாடி அந்த மணல் மைதானத்துல காத்து அடிச்சுதுல்ல. மணல் உள்ள போகாம இருக்க லென்ஸ் சேர்ற இடத்துல சுத்தி டேப் ஒட்டினேன். கறுப்பு டேப் தீந்துபோச்சு, பார்சல் ஒட்டற கண்ணாடி டேப்பை ஒட்டிட்டேன். உரிக்கும்போது கிழிஞ்சது தெரியல.” அவன் அவள் பக்கம் திரும்பினான். “கொஞ்ச நேரம் முன்னாடி உங்களைப் பேசினது தப்புக்கா.”

கேமராமேன் வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தினாள்.

“சார், அவர் சொல்லிட்டார். சொன்னவரைத் திட்டக்கூடாது. எங்க ரூம் கதவுல எழுதியிருக்கு.”

“இது உங்க ரூம் இல்லம்மா.”

“லென்ஸ் இருக்கிற இடமெல்லாம் என் ரூம்தான் சார்.”

கேமராமேன் லென்ஸை மாட்டச் சொல்லிக் கை காட்டினார்.

இரண்டரைக்கு இன்ஜின் கொட்டகைக்குள் வந்தது. புகை, விசில், முந்நூறு கை. மானிட்டரில் இடது கோடியில் ஒரு கிழவரின் நரைத்த புருவம் தெரிந்தது. வலது கோடியில் கத்திக்கொண்டிருந்த ஆளின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததும் தெரிந்தது. துணிமணிக்காரர் ஊசியோடு ஓடினார். இரண்டாவது தடவை எடுத்தார்கள். மூன்றேகாலுக்கு ‘ஓகே’ விழுந்தது. கைதட்டல் இன்ஜின் விசிலை அமுக்கிவிட்டது.

கேமராமேன் அவளிடம் வந்தார். “கோவிச்சுக்காதேம்மா. தெரியாம சொல்லிட்டேன்.”

“என்கிட்ட மெதுவா சொல்றீங்க சார். காலையில வாக்கியில சொன்னீங்க.”

அவர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். நாற்பது இடுப்பிலிருந்தும் அதே குரல் மறுபடி கிளம்பியது.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இருபத்தஞ்சை யாரும் கீழே போடல. கோளாறு என் கேமராவுல. அந்த அம்மா மேல நான் சொன்னது தப்பு. அவங்க இல்லன்னா இன்னிக்கு இன்ஜின் சும்மா திரும்பிப் போயிருக்கும். பெட்டிக்கு ஒரே ஒரு சாவிதான். அது சரியான ஆள்கிட்டதான் இருக்கு.”

கொட்டகையில் எழுந்த சத்தத்தில், மறுபடி வந்த முதலாளியின் போன் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. “சாவி இடுப்புலதான் இருக்கு முதலாளி, இனிமே இறங்காது” என்று மட்டும் கத்தினாள். “அந்த வேற லென்ஸைப் பாதி வழியிலயே திருப்பச் சொல்லுங்க!”

ஆறு லென்ஸையும் துடைத்து, காதில் வைத்துக் கேட்டு, பெட்டியில் படுக்க வைத்துப் பூட்டினாள். வேனுக்குப் போனால், புருஷன் வாக்கிடாக்கியை முழுச் சத்தத்தில் வைத்து முன்பக்கம் நிறுத்தியிருந்தான். மற்ற டிரைவர்கள் நாலு பேருக்கு எதையோ கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஓடி வந்து பெட்டியை வாங்கினான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினான்.

“எனக்கு அப்பவே தெரியும், நீ போட்டிருக்க மாட்டேன்னு.”

“டம்ளர் வேற, இது வேறன்னு யாரோ சொன்னாங்களே.”

வண்டி கிளம்பிப் பாதி தூரம் வந்தது. ஒரு சிக்னலில் நின்றபோது அவன் தொண்டையைக் கனைத்தான்.

“இந்தா, அந்தச் சட்டம்... சொன்னவரைத் திட்டக்கூடாதுங்கறது. அது எல்லாருக்கும்தானே?”

“ஏன்?”

“போன மாசம் உன் நீலப் பூ ஜாடி உடைஞ்சுதுல்ல.”

“ஆமா. பூனை.”

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். “பூனை இல்ல.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் பயந்து எட்டிப் பார்த்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மாசமா அந்தப் பூனைக்கு நான் பால் வைக்கல, தெரியுமா?” என்றாள். “அந்தச் சட்டம் லென்ஸுக்கு மட்டும்தான். வண்டியை எடுங்க. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்தப் பூனைகிட்ட மன்னிப்புக் கேக்கறீங்க. சத்தமா, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கற மாதிரி.”